சுகரா போன வழி

ஜெபகனி வேலூருக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்குள் லாங் பஜாரில் ஏழெட்டு முறை வழி தவறிவிட்டாள். வாலாஜாபேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சந்தைக் கூட்டம் புதிதல்ல. ஆனால் இங்கே ஒரு சந்துக்குள் நுழைந்தால் அது மூன்று சந்தாகப் பிரிந்தது. போதாக்குறைக்கு அந்த வருஷம் மின்சாரக் கம்பம் நடுவதற்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். நேற்றுப் போன வழியில் இன்றைக்குப் பள்ளம் இருக்கும். சுற்றிக்கொண்டு போனால் வேறு எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும்.

மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை அப்படி. கோஷா முறையில் திரைக்குள்ளேயே இருக்கிற பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். ஆகவே ஆஸ்பத்திரி அவர்களிடம் போக வேண்டியிருந்தது. வெள்ளைச் சேலை, ஒரு குடை, மருந்துப் பை. காலையில் கிளம்பினால் ஏழு வீடு, எட்டு வீடு. இருபத்தாறு வயதில் அவளுக்குக் கால் வலி என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருந்தது.

காதர் சாயபு சந்தில் நீலக் கதவு போட்ட வீட்டுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் போவாள். தோல் மண்டி அப்துல் சமத் சாயபுவின் வீடு. அவருக்குப் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றும் இருந்தது. அவர் மனைவி வஜீதாவுக்கு நீரிழிவு. இடது பாதத்தில் ஆறாத புண். ஜெபகனி அதைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டிவிட்டு வருவாள்.

வஜீதாவுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். பேரணாம்பட்டிலிருந்து பதினாறு வயதில் திரை போட்ட வண்டியில் இந்த வீட்டுக்கு வந்தவள். அதற்குப் பிறகு வெளியே போனதெல்லாம் விரல்விட்டு எண்ணிவிடலாம். போனபோதும் திரைக்குள்ளேதான். புண்ணைக் கழுவும்போது வலி தெரியாமல் இருக்க அவள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பேச்செல்லாம் வெளியைப் பற்றித்தான். பஜாரில் எத்தனை கம்பம் நட்டார்கள், இந்தப் பாட்டுப் பெட்டி எந்தக் கடையில் பாடுகிறது, மோட்டார் பஸ் உள்ளே எத்தனை பேர் உட்காரலாம். ஜெபகனிக்குத் தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததைப் பார்த்துவந்து அடுத்தமுறை சொல்வாள்.

ஒருநாள் கட்டுப் போட்டு முடித்த பிறகு வஜீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நர்சம்மா, எனக்காக ஒரு வழிய நடந்து பாத்துட்டு வந்து சொல்றியா?"

"எந்த வழி பீபிம்மா?"

"எம் பொண்ணு போன வழி."

வீட்டில் குழந்தை இருந்த அடையாளமே கிடையாது. ஜெபகனி மருந்துப் பையைக் கீழே வைத்தாள்.

"சுகரான்னு பேரு. ஆறு வயசு. ஊரு பூராவும் விஷக் காய்ச்சல் வந்துச்சே, பன்னெண்டு வருஷம் முன்ன, அதுல போயிட்டா. எனக்கும் அதே காய்ச்சல். நான் கண்ணு முழிச்சி பாக்கறப்ப மூணு நாளாயிட்டிருக்குது, பக்கத்துல பாய் காலியா கெடக்குது. எங்கள்ல பொம்பளைங்க கபர்ஸ்தானுக்குப் போறதில்ல. வாசல் வரைக்கும்தான். எனக்கு அந்த வாசலும் இல்லாம போச்சு. இந்தக் கதவத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினாங்க, எந்தக் கடையத் தாண்டினாங்க, எங்க கொண்டு வெச்சாங்க, ஒண்ணும் தெரியாது."

"சாயபுவக் கேக்கலாமே."

"கேட்டேன். 'நானே எங் கையால தூக்கினு போயி வெச்சேன்'னு சொன்னாரு. அதுக்கு மேல அவரு பேசமாட்டாரு. நானும் கேக்கமாட்டேன்."

அதே காய்ச்சலில்தான் ஜெபகனியின் அம்மாவும் போனாள். அப்போது ஜெபகனிக்குப் பதினாலு வயது. பெட்டிக்குப் பின்னால் நடந்து போனது, கல்லறைச் சுவரோரம் இருந்த கொன்றை மரம், மண் போடும்போது தன் செருப்பில் ஒட்டிய ஈரம், எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. அது ஒரு கொடுப்பினை என்று அன்றுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

"போயிட்டு வந்து சொல்றேன்," என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும், மூன்று மணி வெயிலில் நீலக் கதவிலிருந்து, கபர்ஸ்தானுக்குத் தனக்குத் தெரிந்த பஜார் வழியாக நடக்கத் தொடங்கினாள். சந்து முனையில் ஒரு பொரி கடலைக் கடை. அதைத் தாண்டினால் பஜார். தோல் பதனிடுவதற்கான ஆவாரம் பட்டை மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றி வந்த வண்டியைச் சுற்றி ஈ மொய்த்தது. அதற்கு நேர் எதிரே அத்தர் விற்கிறவர் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார். பழைய மசூதியின் சுவரை ஒட்டி சைக்கிள் ரிப்பேர் கடை ஒன்று புதிதாக வந்திருந்தது. நவாபு காலத்துச் சத்திரத்தில் ஒரு பாதி இடிந்து கிடந்தது. மறுபாதியில் அச்சு இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சினிமாக் கொட்டகைக்காரன் மேளத்தோடு நோட்டீஸ் போட்டுக்கொண்டு போனான். அந்த மேளத்துக்கும் கிராமபோன் கடைப் பாட்டுக்கும் நடுவில் வளையல் கடைக்காரி தன் பாட்டுக்குக் கத்தி விற்றாள். புதுக் கம்பத்தில் ஒருவன் ஏறிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். கீழே நாற்பது பேர் வேலை வெட்டியை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் பஸ் நிற்கிற இடம் வந்தது. அதற்கப்பால் கோட்டை அகழியின் பச்சைத் தண்ணீர்.

இவ்வளவு நாளும் இந்த இடங்களை வழி தேடுகிறவளாகத்தான் அவள் பார்த்திருந்தாள். இன்றைக்கு ஒவ்வொன்றாக மனதில் அடுக்கிக்கொண்டு போனாள். இவ்வளவு கலகலப்பான தெரு வழியாக ஒரு சின்ன உடம்பு போயிருக்கிறது என்று நினைத்தபோது அந்தச் சத்தமெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போனமாதிரி இருந்தது.

மலையடிவாரத்தில் கபர்ஸ்தான். வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். காவல்காரர் ஆபித் பாஷா மண்வெட்டியோடு வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். ஆஸ்பத்திரி உடுப்பைப் பார்த்ததும் முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தோல் மண்டி அப்துல் சமத் சாயபு குழந்தை. விஷக் காய்ச்சல் வருஷம். எந்த எடம்னு தெரியுமாங்க?"

"அந்த வருஷமா?" அவர் திரும்பி, வேலி ஓரத்து மேட்டைக் காட்டினார். "அதோ அந்த வரிசை பூரா அந்த வருஷந்தாம்மா. ஆளுக்கு ஒரு கபர் வெட்ட முடியல. தூக்கறதுக்கு சந்தூக்குப் பெட்டி பத்தல, ஆளும் பத்தல. நீளமா வெட்டி நாப்பது பேர வெச்சோம். அதுல எது யாருதுன்னு கேட்டா நான் அல்லாவுக்குத்தான் பதில் சொல்லணும்." சற்று யோசித்தார். "ஆனா அந்தக் குழந்தைய எனக்கு ஞாபகம் இருக்குது. அத ஒரு கிறிஸ்தவன் தூக்கினு வந்தான்."

"சாயபு வரலையா?"

"சாயபு எங்க வந்தாரு? அவருக்கே உசுரு போவுதோ வருதோன்னு கெடந்தாரு. இவன் அவரு ஷாப்புல தோல் கழுவறவன். அருளப்பன்னு பேரு. தனியா வந்தான், தோள்ல போட்டுகினு, தூங்கற குழந்தையத் தூக்கினு வர்ற மாதிரி. நானும் இன்னும் ரெண்டு பேரும் தொழுதோம். அவன் தள்ளி நின்னு கையக் கட்டிகினு இருந்தான். மண்ணு போட்ட பெறகும் போகல. அவன் பொஞ்சாதி பஸ்சு நிக்கற எடத்துல கட வெச்சிகினு இருக்குது. சவுரியம்மான்னு கேளு."

அங்கிருந்து நேராக அவள் திரும்பிப் போயிருக்கலாம். வழியை நடந்தாயிற்று, இடத்தையும் பார்த்தாயிற்று. ஆனால் கால் பஸ் நிற்கிற இடத்துக்குத்தான் போயிற்று.

தகரம் வேய்ந்த சின்னக் கடை. பொரி, வறுத்த கடலை, பட்டாணி. சவுரியம்மாள் முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. ஜெபகனி விஷயத்தைச் சொன்னதும் முறம் நின்றது.

"பன்னெண்டு வருஷம் கழிச்சி கேக்க வந்திருக்கியே, உன்ன யாரு அனுப்சாங்க? சாயபுவா?"

"இல்லக்கா. குழந்தையோட அம்மா."

சவுரியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாக்கை விரித்து உட்காரச் சொன்னாள்.

"மூணு நாளா ஷாப்பு தொறக்கல. குழியில தோல் அழுகுது, இன்னா பண்றதுன்னு கேக்க இவரு சாயபு வூட்டுக்குப் போனாரு. கதவு தொறந்தே கெடந்துச்சாம். தண்ணி எடுக்கற முனியம்மா மட்டும் வாசல்ல உக்காந்து அழுதுகினு இருந்துச்சாம். உள்ள ரெண்டு பேரும் நெனவில்லாம கெடக்கறாங்க. பக்கத்து வூட்டு பீபி வந்து பொண்ணக் குளிப்பாட்டி, துணி சுத்தி வெச்சிட்டுப் போயிருக்காங்க. எடுக்க ஆம்பள இல்ல. சாயங்காலம் வண்டி வரும், தெருத்தெருவா அள்ளிகினு போற வண்டி. அதுல போடக்கூடாதுன்னு இவரு தூக்கிகினாரு."

அவள் பேச்சை நிறுத்தி, வந்தவருக்குப் பொரி அளந்து கொடுத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"கபர்ஸ்தானுக்கு ஓடை ஓரமா போனா கிட்ட. இவரு பஜார் வழியா போனாரு. ஏன்னு கேக்கிறியா? அந்தப் பொண்ணுக்கு இவர ரொம்பப் புடிக்கும். மண்டிச் சேதி சொல்ல இவரு வூட்டுக்குப் போனா, கையப் புடிச்சி இழுத்துகினு பொரிக் கடைக்கு வரும். சந்து மொன வரைக்கும்தான் வுடுவாங்க. அத்தத் தாண்டி இன்னா இருக்குது, இன்னா இருக்குதுன்னு கேட்டுகினே இருக்குமாம். மோட்டார் வண்டி பாக்கணும்னு சொல்லுமாம். அதான் அந்த வழியா எடுத்துகினு போனாரு."

சவுரியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வூட்டுக்கு வந்து குந்தி அழுதாரு. 'எல்லாக் கடையும் சாத்தி இருந்துச்சி சவுரி, காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல'ன்னாரு. அன்னிக்கே ஒடம்பு சுட்டுச்சி. நாலாம் நாள் அவரும் பூட்டாரு."

ஒரு பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. தூசி அடங்கும்வரை சவுரியம்மாள் முறத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"சாயபு பொழச்சி எழுந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். வருவாரு, ஒரு வார்த்த சொல்லுவாருன்னு பாத்தேன். வரல. இங்கேர்ந்து அந்த வூடு கூப்பிடு தூரம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இந்த வழியாத்தான் ஜட்காவுல போறாரு. அந்தப் பக்கம் திரும்பிக்கினு போவாரு."

அடுத்த முறை காதர் சாயபு சந்துக்குப் போனபோது சந்து முனையிலேயே அப்துல் சமத் நின்றுகொண்டிருந்தார். நரைத்த தாடி, சலவைச் சட்டை. தெருவில் எல்லோரும் சலாம் சொல்லிவிட்டுப் போகிற மனிதர், நர்சுக்காகக் காத்து நின்றார்.

"ஆபித் சொன்னான், நீங்க வந்து கேட்டீங்கன்னு," என்றார். "சவுரியம்மாவையும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவகிட்ட சொல்லாதீங்கம்மா. நான் எடுத்துகினு போனேன்னு இவ்ளோ நாளா நம்பிகினு இருக்கறா. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்."

"கேட்டா பொய் சொல்ல என்னால முடியாதுங்க. நீங்களே சொல்லிடுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எழுந்து நடக்கறதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆச்சி. அப்பத்தான் அருளப்பன் குழந்தைய எடுத்துகினு போனதையும், அவனும் போயிட்டான்னும் சொன்னாங்க. எந்த மொகத்த வெச்சிகினு அவன் வூட்டு வாசல்ல போயி நிக்கிறது? நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு தள்ளிப் போட்டேன். அது பன்னெண்டு வருஷம் ஆயிடிச்சி." தலையை நிமிர்த்தினார். "ஒரு வாரம் டைம் குடுங்க. நானே சொல்றேன்."

ஒரு வாரம் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஜெபகனி கட்டைப் பிரித்தாள். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. நாற்றம் மாறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வஜீதா அழவில்லை. தலையணையில் சாய்ந்து, கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் அப்துல் சமத் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நர்சம்மா, நான் கேட்டத இப்ப சொல்லிடு. நாளைக்கு இன்னா ஆவுமோ."

ஜெபகனி அப்துல் சமத்தைப் பார்த்தாள். அவர் உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வஜீதா, நான் எடுத்துகினு போகல."

"தெரியும்."

அவர் தலை நிமிர்ந்தது.

"உங்க பெரியம்மா பொண்ணு வந்தப்ப பேச்சோட பேச்சா சொல்லிச்சி, பொண்ணு போறதுக்கு முன்னயே நீங்க நெனவில்லாம வுழுந்துட்டீங்க, பதினஞ்சு நாள் கட்ட மாதிரி கெடந்தீங்கன்னு. ஒம்பது வருஷம் ஆச்சி."

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறம் எனக்காகத்தான் அப்படிச் சொன்னீங்கன்னு நெனச்சி உங்க மேல கோவமும் போயிடிச்சி. நீங்க இல்லேன்னா பின்ன யாரு? அது மட்டும்தான் எனக்கு வேணும். யாரு கையில போனா எம் பொண்ணு? யாருன்னே தெரியாத கையா?"

"அருளப்பன்," என்றார் அப்துல் சமத்.

வஜீதா அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "நம்ம அருளப்பனா? 'பாப்பா எங்க'ன்னு கேட்டுகினே உள்ள குரல் குடுப்பானே, அவனா?"

அதன் பிறகு ஜெபகனி எல்லாவற்றையும் சொன்னாள். வண்டியில் போடாமல் தூக்கியதை, ஓடை ஓரம் போகாமல் பஜார் வழியாகப் போனதை, சாத்தியிருந்த கடைகளை, காட்ட ஒன்றும் இல்லை என்று அவன் அழுததை, நாலாம் நாளை. தனித்தனிக் கபர் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அப்துல் சமத் தன் மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மாதத்தில் எவ்வளவு வலித்தபோதும் அழாத வஜீதா அன்றைக்கு அழுதாள். சத்தம் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் செய்தி வந்தது போல.

மறுநாள் காலை ஜட்கா வந்தது. வஜீதாவைத் தூக்கி உள்ளே வைத்து, திரையை இழுத்துக் கட்டினார்கள். வண்டி சந்து முனைக்கு வந்ததும் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"நான் எறங்கி நடக்கறேன்."

"வேண்டவே வேண்டாம் பீபிம்மா," ஜெபகனி பதறினாள். "கால ஊனவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"சாயங்காலம் அறுத்துப் போடப் போற காலுக்குக் காலையில இன்னா பத்தியம்?"

அப்துல் சமத் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி வந்து தோளைக் கொடுத்தார். வஜீதா புர்காவுக்குள் ஒரு கையால் அவரையும் மறு கையால் ஜெபகனியையும் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தெருவில் கால் வைத்தாள்.

பஜார் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. கடைகளெல்லாம் திறந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் அவள் நின்றாள். "இது இன்னா? இது யாரு கட?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். அத்தர்க்காரர், பாட்டுப் பெட்டி, கம்பத்தின் உச்சியில் தொங்கிய வெள்ளைப் பீங்கான் குமிழ், வளையல் கடையின் பச்சையும் சிவப்பும், சைக்கிள் சக்கரம் சுழல்வது. எதையும் அவசரமாகப் பார்க்கவில்லை. பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். சாலையில் அவள் வைத்த இடது காலின் கட்டு சிவந்து ஊறிக்கொண்டு வந்தது. தெருவில் போனவர்கள் சமத் சாயபுவையும் அவர் தோளில் சாய்ந்து வந்த பெண்ணையும் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. வஜீதா அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

"இதான் மோட்டாரா?"

"ஆமாங்க."

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். பஸ் கிளம்பி ராணிப்பேட்டை சாலையில் மறையும்வரை நின்று பார்த்தாள்.

சவுரியம்மாள் கடைக்குள்ளிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்திருக்கவில்லை. வஜீதா தகரச் சார்ப்புக்குள் நுழைந்ததும் ஜெபகனி சாக்குப் படுதாவை இறக்கிவிட்டாள். வஜீதா முகத்திரையைத் தூக்கினாள்.

"நான் சுகரா அம்மா."

சவுரியம்மாள் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "இவ்ளோ கிட்ட இருந்துகினு," என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு நேத்து வரைக்கும் தெரியாதும்மா. யாரும் சொல்லல."

அப்துல் சமத் படுதாவுக்கு வெளியே நின்று கனைத்தார். சவுரியம்மாளின் முகம் இறுகியது. "அவர உள்ள வரச் சொல்லாத," என்றாள் ஜெபகனியிடம். அவர் அங்கேயே வெயிலில் நின்றார்.

பிறகுதான் சவுரியம்மாள் அந்தக் காலைப் பார்த்தாள். கட்டிலிருந்து சொட்டி, தரையில் சிதறிக் கிடந்த கடலைத் தோலெல்லாம் நனைந்திருந்தது. "அய்யோ, இந்தக் காலோடவா நடந்து வந்தே?" என்று தான் உட்கார்ந்திருந்த பலகையைத் தள்ளிப் போட்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வஜீதா குடித்தாள்.

நன்றி என்றோ மன்னித்துவிடு என்றோ எதுவும் சொல்லப்படவில்லை. வஜீதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவ்ளோ தூரம் தூக்கினு போனாரே, கனமா இருந்துச்சின்னு சொன்னாரா?"

"இல்லம்மா," என்றாள் சவுரியம்மாள். "கனமே இல்லேன்னாரு. அதத்தான் சொல்லிச் சொல்லி அழுதாரு."

அன்று மாலையே அவள் இடது காலை எடுத்தார்கள். மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் சவுரியம்மாள் வார்டுக்கு வந்தாள். வெறுங்கையோடு வந்து, கட்டில் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். அருளப்பனுக்குப் பாட வராது, ஆனால் பாடிக்கொண்டே இருப்பான் என்று சொன்னாள். சுகரா மிளகாய்ப் பொடி தொட்டு மாங்காய் தின்பாள், தின்றுவிட்டு அழுவாள் என்று வஜீதா சொன்னாள். அந்தப் பக்கம் போன ஜெபகனிக்கு இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. விஷம் ஏற்கெனவே இரத்தத்தில் ஏறிவிட்டது, காலை எடுத்தது தாமதம் என்று டாக்டரம்மா சொன்னாள். நடந்ததால்தான் இப்படியா என்று கேட்க ஜெபகனிக்குத் துணிச்சல் வரவில்லை. டாக்டரம்மாவே சொன்னாள், அந்த நடையால் ஒன்றும் ஆகியிருக்காது என்று. அதை நம்புவதா கூடாதா என்று ஜெபகனி பல நாள் யோசித்தாள். ஒன்பதாம் நாள் காலையில் வஜீதா இறந்துபோனாள். சவுரியம்மாள் கடையைத் திறக்கவில்லை. மையத்து ஊர்வலம் போகும்போது மற்றவர்களோடு சாலையோரம் நின்றாள்.

நாற்பதாம் நாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். வேலைக்குப் போகும் வழியில் ஜெபகனி சவுரியம்மாளின் கடையில் சற்று உட்கார்ந்திருந்தாள். அப்துல் சமத் நடந்து வந்தார். ஜட்கா இல்லை. ஆள் பாதியாகியிருந்தார். சார்ப்புக்கு வெளியே, அன்றைக்கு நின்ற அதே வெயிலில் நின்றார்.

"சவுரியம்மா," என்றார். "நான் வந்திருக்கணும். வரல."

சவுரியம்மாள் பொரியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அருளப்பன் எங்க இருக்கான்னு சொல்லு. ஒரு தடவ போயி நின்னுட்டு வர்றேன்."

அவள் கை நின்றது.

"எங்க கோயில் கல்லறையில அந்த வாரம் எடமில்ல சாயபு. குழி வெட்டவும் ஆளில்ல. பாலாத்தங்கரையில மணல் லேசு, நானும் எங்க அண்ணனும் அங்கதான் தோண்டி வெச்சோம். ஒரு குச்சியில செலுவ கட்டி நட்டேன். அடுத்த வருஷம் ஆத்துல வெள்ளம் வந்துச்சே. கரையோட போயிடிச்சி. அங்க இப்ப ஆறுதான் இருக்குது."

அப்துல் சமத் நெற்றியைத் தடவிக்கொண்டார். "எந்தப் பக்கம்?" என்றார்.

"எதுக்கு? பாக்க ஒண்ணும் இல்லையே."

"இருக்கட்டும். எந்தப் பக்கம்னு சொல்லு."

அவள் மோவாயால் காட்டினாள். அவர் தலையசைத்துவிட்டு, பஸ்ஸுக்கும் ஆவாரம் பட்டை வண்டிக்கும் நடுவே புகுந்து ஆற்றுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். சவுரியம்மாள் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுக்கு எடம் தெரியாது," என்றாள் எரிச்சலாக. "ஷாப்புப் பக்கமா போவாரு. அது இல்ல, அதுக்கும் மேல."

கரண்டியை வைத்துவிட்டுச் சாக்கை எடுத்துப் பொரியை மூடினாள். "நர்சம்மா, செத்த கடையப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் பத்தடி விட்டு நடந்தாள்.

அவர்கள் திரும்பி வர மத்தியானம் தாண்டிவிட்டது. அன்றைக்கு ஜெபகனியால் இரண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை.